ஒரு கட்டுரையை எங்கே வைப்பது?

குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்த வாரத்தில், கடைமடை வரை தண்ணீர் போய்ச் சேருமா என்று அலசி ஓர் இணைய இதழில் கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் விவசாயிகளைச் சந்தித்திருக்கிறார்; நீர்வளத் துறை அதிகாரிகளிடம் பேசியிருக்கிறார்; கர்நாடகத்தோடு இருக்கும் பங்கீட்டுச் சிக்கலையும் தொட்டிருக்கிறார். அதை வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றும் உதவி ஆசிரியரின் திரையில் வலது ஓரமாக இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்று பகுப்பு, அலுவலகங்களில் கேட்டகரி என்பார்கள். மற்றது குறிச்சொல், அதாவது டேக். வெளியிட வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. ‘தமிழ்நாடு’, ‘அரசியல்’, ‘விவசாயம்’, ‘செய்திகள்’, ‘சிறப்புக் கட்டுரை’ என்று ஐந்து பகுப்புகளில் டிக் அடிக்கிறார். குறிச்சொல் பெட்டியில் ‘மேட்டூர் அணை, மேட்டூர், காவேரி, காவிரி நீர், குறுவை, விவசாயிகள், தண்ணீர், தஞ்சை, டெல்டா’ என்று தோன்றியதையெல்லாம் போடுகிறார். கட்டுரை வெளியாகிவிடுகிறது.

அன்றைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. முகப்பில் கட்டுரை தெரியும், வாட்ஸ்அப்பில் சுற்றும், நாலு பேர் படிப்பார்கள். கெடுதல் பிற்பாடு தெரியும். காவிரியைப் பற்றி இந்த இதழ் இதுவரை என்னென்ன எழுதியிருக்கிறது என்று ஒரு மாணவி தேடி வருகிறாள். ‘காவிரி’ என்ற குறிச்சொல்லில் கொஞ்சம் கட்டுரைகள், ‘காவேரி’யில் கொஞ்சம், ‘காவிரி நீர்’, ‘காவிரி பிரச்சினை’, ‘காவிரி விவகாரம்’ ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு. ஒன்றைத் திறந்து பார்த்தவளுக்கு மற்ற நான்கும் இருப்பதே தெரியாது. இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள் போலும் என்று போய்விடுவாள். ஊர் ஊராக அலைந்து எழுதிய உழைப்பு இதழுக்குள்ளேயே தொலைந்துபோகிறது.

பகுப்பையும் குறிச்சொல்லையும் தீர்மானிப்பது ஆசிரியர் குழுவின் வேலை. தலைப்பு வைப்பதற்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும் சமமான வேலை. பெரும்பாலான அலுவலகங்களில் இது ‘வெப்சைட் பார்க்கிறவர்’ தலையில் விழுகிறது. அல்லது யார் தலையிலும் விழுவதில்லை. மென்பொருள் பெட்டியைத் தரும். அதற்குள் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதை வாசகரைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

இரண்டு பெட்டிகளும் ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. வேர்ட்பிரஸ் 2003இல் வந்தது. குறிச்சொல் அதற்குள் இயல்பான வசதியாக நுழைந்தது 2007இல், 2.3ஆம் பதிப்பில். இடைப்பட்ட காலத்தில் பகுப்பையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்திப் பழகியவர்கள் உண்டு. அந்தப் பழக்கம் பல தளங்களில் இன்னும் போகவில்லை. அமைப்பைக் கவனித்தால் வேறுபாடு புரியும். பகுப்புக்குள் உட்பகுப்பு வைக்கலாம். குறிச்சொற்களுக்குள் மேல் கீழ் கிடையாது. புதிய பகுப்பை உருவாக்க நிர்வாகி அல்லது எடிட்டர் நிலையில் இருப்பவரால்தான் முடியும். குறிச்சொல்லைக் கட்டுரை எழுதும் யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். வடிவமைத்தவர்களின் எண்ணம் இதிலிருந்தே தெரிகிறது. பகுப்பு என்பது இதழின் நிலையான ஏற்பாடு. குறிச்சொல் என்பது கட்டுரைக்கும் கட்டுரைக்கும் இடையிலான தொடர்பு.

பகுப்பைப் பார்த்தால் அந்த இதழ் எதைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். அதனால் பகுப்பு குறைவாக இருப்பது நல்லது. ஒரு நடுத்தர இதழுக்குப் பத்துக்குள் போதும் என்பது என் கருத்து. ஒரு கட்டுரைக்கு ஒரு பகுப்பு. உட்பகுப்பில் வைத்த கட்டுரை தாய்ப்பகுப்பின் பக்கத்திலும் தானாகவே வந்துவிடும் என்பதால் இரண்டிலும் டிக் அடிக்க வேண்டியதில்லை. கட்டுரையின் இணைய முகவரியில் பகுப்பின் பெயரைச் சேர்ப்பது பல தளங்களில் வழக்கம்; அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பகுப்பை மாற்றினால் முகவரியும் மாறும். நாளைக்குச் சீரமைக்க உட்காரும்போது அந்த முகவரிகளே கையைக் கட்டிப்போடும்.

இன்னொரு சின்ன விஷயம். எதையும் டிக் அடிக்காமல் வெளியிட்டால் கட்டுரை இயல்புநிலைப் பகுப்புக்குப் போகும். அதை நீக்க முடியாது, பெயரை மாற்றலாம். பல தமிழ்த் தளங்களில் அது ‘பொது’ என்ற பெயரோடு மெனுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘பொது’ என்று ஒரு கதவு திறந்திருந்தால் அவசரத்தில் எல்லாம் அதற்குள்தான் போகும். ‘பகுக்க வேண்டியவை’ என்று பெயர் வைத்து மெனுவிலிருந்து எடுத்துவிட்டால், வாரம் ஒருமுறை அதைக் காலி செய்வது ஒருவருடைய பொறுப்பாகிவிடும்.

எந்தப் பெயர்களைப் பகுப்பாக வைப்பது என்பதுதான் கடினமான பகுதி. ஒரு மெனுவில் ‘அரசியல், தமிழ்நாடு, பேட்டி, பெண்கள், வீடியோ, டிரெண்டிங்’ என்று வரிசையாக இருக்கிறது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் என்பதைக் கவனியுங்கள். அரசியல் என்பது எதைப் பற்றி என்ற கேள்விக்குப் பதில். தமிழ்நாடு, எந்த இடம் என்பதற்கு. பேட்டி, என்ன வடிவம் என்பதற்கு. பெண்கள், யாரைப் பற்றி அல்லது யாருக்காக என்பதற்கு. வீடியோ என்பது ஊடகம். டிரெண்டிங் என்பது இந்த நேரத்து நிலவரம். தஞ்சாவூரில் ஒரு பெண் விவசாயச் சங்கத் தலைவரோடு நடத்திய காணொளிப் பேட்டி இந்த ஆறுக்கும் பொருந்தும். ஆறிலும் டிக் அடித்தால் பகுப்புக்கு அர்த்தமே இல்லை. ஒன்றில் மட்டும் அடித்தால் மற்ற ஐந்து வழியிலும் தேடி வருகிறவர் ஏமாறுவார். உதவி ஆசிரியரின் கவனக்குறைவை இதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. வேறு வேறு கேள்விகளுக்கான பதில்களை ஒரே பட்டியலில் கலந்த நாளிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது.

இந்தச் சிக்கலை நூலகத்தில் வைத்து முழுதாக யோசித்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். அன்று உலகெங்கும் பரவியிருந்தது 1876இல் வெளியான மெல்வில் டியூயியின் தசமப் பகுப்பு. அது அறிவு முழுவதையும் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மேலும் பத்துப் பத்தாக உடைத்துக்கொண்டே போகும். புத்தகத்துக்கான இடம் முன்பே தீர்மானமாகியிருக்கும். புத்தகம் அதில் போய் உட்கார வேண்டும். ரங்கநாதன் இதைத் திருப்பிப் போட்டார். பயிற்சிக்காக லண்டன் போயிருந்தபோது, ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானின் துண்டுகளை விதவிதமாகப் பூட்டிக் காட்டியதைப் பார்த்ததில் அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். புத்தகத்தின் பொருளை முதலில் தனித்தனிக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். பிறகு கூறுகளை இணைத்து அதற்கான எண்ணைக் கட்ட வேண்டும். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைக் கூறுகளை அவர் வகுத்தார். கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைக் கையாண்டதால் 1933இல் வெளியான அந்த முறைக்குக் கோலன் பகுப்பு என்று பெயர் வந்தது. இணையக் கடையில் நிறம், அளவு, விலை என்று தனித்தனியாக வடிகட்டித் துணி தேடுகிறோமே, அதற்கு அடியில் இருப்பது இதே சிந்தனைதான்.

டியூயியின் முறையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சமயத்துக்கான 200 வரிசையில் 220 முதல் 280கள் வரை கிறித்தவத்துக்கு ஒதுக்கப்பட்டது. உலகத்தின் மற்ற எல்லாச் சமயங்களும் 290க்குள் இருந்தாக வேண்டும். இந்து சமயம் 294.5. அமெரிக்கக் கல்லூரி நூலகம் ஒன்றின் அலமாரியை மனதில் வைத்துச் செய்த பிரிவு அது. பகுப்பு செய்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து பார்த்தால் தெரிவதுதான் பெரிதாகத் தெரியும். ‘பெண்கள்’ என்று ஒரு பகுப்பை வைத்து, பெண் தொழிலாளர்களின் கூலியைப் பற்றிய கட்டுரையைச் சமையல் குறிப்புக்குப் பக்கத்தில் வைக்கும் இதழ்கள் இதே தவறைச் செய்கின்றன. அந்தக் கட்டுரை பொருளாதாரத்தில் இருக்க வேண்டியது. அங்கே இல்லாததால், பொருளாதாரம் படிக்க வருகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை.

ரங்கநாதனின் வழியை இதழுக்குக் கொண்டுவருவது ஒன்றும் பெரிய காரியமில்லை. பொருள் சார்ந்த பிரிவுகளை மட்டும் பகுப்பாக வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளைத் தனித்தனியே பிரித்துவிட வேண்டும். வேர்ட்பிரஸ்ஸில் பகுப்பு, குறிச்சொல் தவிர நாமே புதிய வகைப்பாடுகளை அமைத்துக்கொள்ளலாம். தளத்தை உருவாக்கித் தருபவரிடம் ‘இடம்’, ‘நபர்’, ‘வடிவம்’ என்று மூன்று கேட்டால் செய்து தந்துவிடுவார். டிருபால் என்ற மென்பொருளில் இது அடிப்படையிலேயே இருக்கிறது. எத்தனை சொல்தொகுதிகள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனின் தி கார்டியன் நாளிதழ் பொருள், தொடர், எழுதியவர், தொனி என்று குறிச்சொற்களையே இனம் பிரித்து வைத்திருக்கிறது. அது செய்தியா, பேட்டியா, மதிப்புரையா என்பது தொனி. இப்படிப் பிரித்தால் மேட்டூர்க் கட்டுரை எங்கே போகும்? பகுப்பு: வேளாண்மை. இடம்: மேட்டூர், தஞ்சாவூர், திருவாரூர். வடிவம்: களக் கட்டுரை. குறிச்சொல்: காவிரி, குறுவைச் சாகுபடி, மேட்டூர் அணை. முடிந்தது. ‘தண்ணீர்’, ‘விவசாயிகள்’ என்று எந்தக் கட்டுரைக்கும் ஒட்டும் சொற்கள் தேவையில்லை. எல்லாக் கட்டுரையிலும் இருக்கும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது.

பொருள் பிரிவுகளை வெறும் கையோடு யோசிக்கத் தொடங்க வேண்டாம். செய்தித் துறைக்கான பன்னாட்டு அமைப்பான ஐபிடிசி, மீடியா டாபிக்ஸ் என்ற பட்டியலைப் பராமரிக்கிறது. உச்சியில் 17 தலைப்புகள், அவற்றுக்குக் கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ‘தொழிலாளர்’ என்பதை அவர்கள் பொருளாதாரத்திலிருந்து பிரித்துத் தனித் தலைப்பாக வைத்திருக்கிறார்கள் என்பது போன்ற முடிவுகளைப் பார்த்தால், நாம் விட்டது எது என்று புலப்படும்.

இனி குறிச்சொல். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல் அதிகம். ஒரே ஊருக்கு எத்தனை பெயர்: திருச்சி, திருச்சிராப்பள்ளி; நெல்லை, திருநெல்வேலி; கோவை, கோயம்புத்தூர். ஒரே நிறுவனத்துக்கு: உயர் நீதிமன்றம், உயர்நீதிமன்றம், ஐகோர்ட், ஹைகோர்ட். 2020இல் ஒரே நோயைக் கொரோனா, கரோனா, கோவிட் என்று தமிழ் ஏடுகள் எழுதின. ஆட்களின் பெயரில் தலைப்பெழுத்து வேறு தொல்லை. மு.க.ஸ்டாலின், மு.க. ஸ்டாலின், மு. க. ஸ்டாலின் என்று புள்ளியும் இடைவெளியும் மாறினால் கணினிக்கு மூன்று சொற்கள். தலைப்பெழுத்தே இல்லாமல் ‘ஸ்டாலின்’ என்று போட்டால் சோவியத் தலைவரைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரையும் தமிழ்நாட்டு அரசியலும் ஒரே பக்கத்தில் வந்து சேரும்.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடுகளும் உண்டு. ‘ஔவையார்’ என்பதில் முதல் எழுத்தை ஔ என்ற ஓரெழுத்தாக அடிக்கலாம். ஒ, ள என்று இரண்டு எழுத்தாகவும் பலர் அடிக்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகச் சேமிக்கும் விசைப்பலகை உண்டு, இரண்டாகச் சேமிப்பதும் உண்டு. தட்டச்சு செய்யும்போது ஏற்கெனவே உள்ள குறிச்சொற்களை வேர்ட்பிரஸ் கீழே காட்டும். அதிலிருந்து தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை வராது. புதிதாக அடித்தால்தான் வரும். காட்டுவதிலிருந்து எடு, இல்லாவிட்டால் ஆசிரியரைக் கேள் என்ற ஒரே விதியை வைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.

குறிச்சொல்லின் இணைய முகவரியையும் கவனிக்க வேண்டும். தமிழில் பெயர் கொடுத்தால் முகவரியும் தமிழிலேயே உருவாகும். உள்ளே அது விழுக்காட்டுக் குறிகளோடு சேமிக்கப்படுவதால் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் ஒன்பது இடம் பிடிக்கும். ‘கல்வி’ என்பதற்குப் புள்ளியும் கொக்கியும் சேர்த்து ஐந்து குறியீடுகள், 45 இடம். வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம், அதாவது 22 குறியீடுகள். ‘நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள்’ என்று வைத்தால் 254 இடம் வேண்டும். முகவரி பாதியில் அறுந்துவிடும். பெயர் தமிழில் இருக்கட்டும், முகவரியைச் சுருக்கமாக ரோமன் எழுத்தில் கொடுப்பது நல்லது. தமிழ் முகவரி அழகுதான். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைப்பக்கத்துக்கு விழுக்காட்டுக் குறிகளாக விரிவதைப் பார்த்த வாசகர் அதைத் தொடத் தயங்குவார்.

எந்த வடிவத்தை ஏற்பது என்று முடிவு செய்தபின் மற்ற வடிவங்களை என்ன செய்வது? நூலகத் துறையில் இதற்குப் பழைய, தேறிய வழி இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஏற்புச் சொல். அதே பொருளைத் தரும் மற்றச் சொற்களிலிருந்து அதற்கு ஒரு வழிகாட்டல். விரிந்த சொல், குறுகிய சொல், தொடர்புள்ள சொல் என்று உறவுகள். தமிழ் விக்கிப்பீடியாவில் வழிமாற்றுப் பக்கங்கள் செய்வது இதைத்தான்: எந்தப் பெயரில் தேடினாலும் சரியான பக்கத்தில் போய் நிற்கலாம். உறவுகளை யோசிப்பதற்குத் துறை அறிவு தேவை. ஜல்லிக்கட்டும் சல்லிக்கட்டும் ஒன்றே, ஒன்றை ஏற்று மற்றதை அதற்கு அனுப்பலாம். மஞ்சுவிரட்டு அப்படியல்ல, காளைகளைத் திறந்தவெளியில் ஓடவிடும் வேறொரு விளையாட்டு. அதை ஜல்லிக்கட்டோடு சேர்த்துவிட்டால் சிவகங்கை வாசகருக்குச் செய்யும் தவறாகும். தொடர்புள்ள சொல்லாக வைக்க வேண்டும். எந்த மென்பொருளும் இந்த வேறுபாட்டைத் தானாகச் சொல்லித் தராது.

குறிச்சொல்லைத் திருத்தும் பக்கத்தில் ‘விவரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பல தளங்களில் அது காலியாகக் கிடக்கிறது. இந்தச் சொல் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று இரண்டு வரி எழுத அதைவிட நல்ல இடம் இல்லை. ‘காவிரி: நதிநீர்ப் பங்கீடு, தீர்ப்பாயம், ஆணையம் சார்ந்த கட்டுரைகள். டெல்டா வேளாண்மை பற்றியவை குறுவை, சம்பா சொற்களில்.’ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் இதைப் படித்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தனி வகைப்பாடாக வைத்த இடப்பெயர்களுக்கு மட்டும் மேல் கீழ் அடுக்கு அவசியம். காரணத்தை ரங்கநாதனின் ஊரை வைத்தே விளக்கலாம். சீர்காழி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு நாகப்பட்டினம் மாவட்டம். 2020 டிசம்பரிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம். கட்டுரைகளில் மாவட்டத்தின் பெயரை மட்டும் போட்டு வந்த இதழ், மாவட்டம் பிரிந்த அன்று பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும். யாரும் திருத்த மாட்டார்கள். ‘சீர்காழி’ என்று ஊரின் பெயரைப் போட்டு, அதை மாவட்டத்தின் கீழ் வைத்திருந்த இதழோ தாய்ச்சொல்லை ஒரே இடத்தில் மாற்றினால் போதும். அத்தனை கட்டுரைகளும் கூடவே நகர்ந்துவிடும். 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசிக்கும் இதே கதைதான். கட்டுரையை எப்போதும் மிகச் சிறிய இடத்தோடு இணைப்பது நல்லது.

குறிச்சொல் நிறையப் போட்டால் கூகுளில் மேலே வரும் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாக எழுதும் கீவேர்ட்ஸ் பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. தளத்தில் தெரியும் குறிச்சொல் வேறு. அது ஒரு பக்கத்தையே உருவாக்குகிறது. ஒரே கட்டுரை மட்டும் உள்ள குறிச்சொல் பக்கங்கள் பெருகினால், தேடி வருகிறவர் வெறும் பக்கத்தில் வந்து நிற்பார். மூன்று நான்கு கட்டுரையாவது சேரும் என்று நம்பிக்கை இல்லாத சொல்லைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் தளத்தை எங்கிருந்து சரிசெய்வது? முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் திருத்தத் தொடங்குகிறவர்கள் பாதியில் ஓய்ந்துவிடுவார்கள். குறிச்சொல் பட்டியலை எண்ணிக்கை வரிசையில் அடுக்கிப் பாருங்கள். அதிகம் பயன்பட்டவற்றில் ஒரே பொருள் தருபவற்றை முதலில் இணைக்கலாம். தளத்தின் தேடல் பெட்டியில் வாசகர்கள் அடித்த சொற்களைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்புச் சொல் எது என்பதை அகராதியைவிட அந்தப் பட்டியல் நன்றாகச் சொல்லும். வாசகர்கள் ‘ஐகோர்ட்’ என்று தேடினால், இதழின் நடை ‘உயர் நீதிமன்றம்’ என்றாலும், ஐகோர்ட்டிலிருந்து ஒரு வழி இருந்தாக வேண்டும்.

இரண்டு குறிச்சொற்களை ஒன்றாக இணைக்கும் வசதி வேர்ட்பிரஸ்ஸில் இயல்பாக இல்லை. செருகுநிரல் ஒன்று வேண்டும். இணைப்பதற்கு முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுத்துவிட வேண்டும். இணைத்தபின் மறைந்துபோன சொல்லின் முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு நிரந்தரத் திருப்பம் கொடுக்க வேண்டும். ‘காவேரி’ பக்கத்தின் சுட்டியை யாராவது ஒரு விவசாயிகள் குழுவில் பகிர்ந்திருந்தால், அதைத் தொடுகிறவர் இனி ‘காவிரி’ பக்கத்துக்கு வந்து சேர்வார்; அங்கே எல்லாக் கட்டுரைகளும் இருக்கும்.